நாள் காட்டும் மணிக்கூடு: எந்த மறதிக்கு வாங்கலாம்?

ஏழு எட்டு அங்குலத்தில் ஒரு திரை. அதில் பெரிய எழுத்தில் கிழமை, அதன் கீழ் காலையா மாலையா என்று ஒரு சொல், பிறகு நேரம், திகதி. இணையக் கடைகளில் ‘டிமென்சியா கிளொக்’ என்று தேடினால் வருவது இதுதான். பெட்டியில் பெயர் பலவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சாமான். மறதி வந்த அம்மாவையோ தாத்தாவையோ தேயிலைத் தோட்ட லயத்திலும் டவுனிலும் வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் இதற்குக் காசு போடலாமா? நோய் எது என்று தெரிந்த பிறகு போடலாம். தெரியாமல் வாங்கினால் பலருக்கு இது அலங்காரச் சாமான், சிலருக்குத் தொல்லை.

பெட்டியில் ‘அல்சைமர், டிமென்சியா உள்ளவர்களுக்கு’ என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. டிமென்சியா என்பது தனியொரு நோயின் பெயர் இல்லை. ஞாபகம், பேச்சு, கணக்கு, நிதானம் இவை தேய்ந்து தேய்ந்து, ஒருவர் தன் அன்றாட வேலையைத் தானே பார்க்க முடியாமல் போகும் நிலைக்குத்தான் அந்தப் பெயர். ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்கிறோமே, அது. காய்ச்சல் என்று போனால் டெங்குவா எலிக்காய்ச்சலா என்று வைத்தியர் தேடுகிறார் அல்லவா? டிமென்சியாவுக்கும் அப்படித்தான் அடியில் கிடக்கும் நோயைத் தேட வேண்டும். தேடினால் அதிகம் அகப்படுவது அல்சைமர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு அதுவே காரணம். மற்றவர்களுக்கு மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டதால் வந்தது, லூயி பொடி என்ற புரதத் துணுக்குகள் மூளையில் சேர்வதால் வந்தது, மூளையின் முன்பக்கமும் பக்கவாட்டும் தேய்வதால் வந்தது என்று வேறு வேறு. ஒருவருக்கே இரண்டு சேர்ந்திருப்பதும் உண்டு.

இந்த மணிக்கூடு உழைப்பது அல்சைமரின் ஆரம்ப, நடுக் கட்டங்களில். புதுச் செய்தியைப் பதிந்து வைக்கும் ஹிப்போகெம்பஸ் என்ற பகுதி அந்த நோயில் முதலிலேயே அடிபடுகிறது. அதனால் நாற்பது வருடத்துக்கு முன் எந்த மலையில் கொழுந்து எடுத்தோம் என்பது நினைவிருக்கும். காலையில் சொன்ன கிழமை பத்து நிமிடத்தில் போய்விடும். ஆனால் வாசிக்கத் தெரிந்தவருக்கு வாசிப்பு நெடுநாள் நிற்கும். தலைக்குள் நிற்காத பதிலை இந்தச் சாமான் சுவரில் நிறுத்தி வைக்கிறது.

மலைநாட்டில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி எதிர் லயம் மறைந்துவிட்டால், ஜன்னலைப் பார்ப்பவருக்கு அது அந்தி. பொழுது சாயச் சாயப் பதற்றம் கூடுவது அல்சைமரில் அடிக்கடி காணும் விஷயம். பனி அந்தப் பதற்றத்தை இரண்டு மணி நேரம் முன்பே கொண்டுவந்துவிடும். அப்போது “பாட்டி, அங்க பாருங்க, இன்னும் மூணு மணிதான்” என்று திரையைக் காட்டலாம். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் கையைத் திரைப் பக்கம் நீட்டுங்கள். சில வாரத்தில் கண் தானாக அங்கே போகப் பழகும். செய்து செய்து வரும் பழக்கத்தை மூளை வேறு இடத்தில் சேர்த்து வைப்பதால், புதுச் செய்தி நிற்காதவருக்கும் இது பெரும்பாலும் கைகூடும்.

இரத்தக்குழாய் வகைக்குக் கதை வேறு. பிரஷர், சீனி, ஸ்ட்ரோக் இவற்றின் வழியாக வருவது அது. சரிவும் பலருக்குப் படிப்படியாக இருக்கும்: சில மாதம் அப்படியே நின்று, ஒரு நாள் திடீரென ஒரு படி இறங்கும். இவர்களில் பலருக்குக் கிழமை தெரியும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று ஒழுங்குபடுத்துவதுதான் ஓடாது. யோசனையும் நடையும் மெதுவாகும். கிழமை காட்டும் திரைக்குக் கொடுக்கும் காசை வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷினுக்குக் கொடுப்பது மேல். அதையும் மீறி வாங்கினால், ஸ்ட்ரோக்கில் இடப்பக்கப் பார்வை போனவருக்கு மணிக்கூட்டை வலப்பக்கம் வைக்க வேண்டும். இடப்பக்கம் வைத்தால் அது அவருக்கு இல்லாத பொருள்தான்.

லூயி பொடி வகையில் இல்லாத ஆள், பிள்ளை, பூச்சி கண்ணுக்குத் தெரியும். தெளிவும் குழப்பமும் நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறும். இரவில் எரியும் திரை ஜன்னல் கண்ணாடியில் பட்டு அங்கே யாரோ நிற்பதாகத் தோன்றலாம். இரவு வெளிச்சம் தானாகக் குறையும் வசதி இருந்தால் போடுங்கள். கட்டிலின் கால்மாட்டில் வைக்க வேண்டாம். மணிக்கூட்டை விடப் பெரிய விஷயம் ஒன்று: இந்த வகையினருக்கு, கண்ணில் படும் காட்சிகளை அடக்க ஹெலொபெரிடோல் போன்ற மருந்து கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயின் சரியான பெயர் கிளினிக் கொப்பியில் இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

முன்மூளை வகை 45 முதல் 65 வயதுக்குள்ளேயே வரக்கூடியது. முதலில் மாறுவது குணமும் பேச்சும். ஞாபகம் ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். இவர்களில் சிலருக்கு நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே ஒரு பிடிவாதமாகிவிடும். வாங்கவே வேண்டாம்.

ஆகவே வாங்குமுன் வைத்தியசாலை. கொப்பியில் ‘டிமென்சியா’ என்று மட்டும் எழுதியிருந்தால், “டொக்டர், இது என்ன வகை?” என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வகையைப் பிரிக்க ஸ்கேனை விட அதிகம் உதவுவது வீட்டார் சொல்லும் விவரம்: எப்போது தொடங்கியது, முதலில் கெட்டது என்ன, மெதுவாகவா திடீரென்றா, விழுந்தாரா, தூக்கத்தில் சத்தம் போட்டுக் கையை வீசுகிறாரா. எழுதிக்கொண்டு போங்கள். பி12 குறைவு, தைரொயிட் குறைவு, விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த இரத்தம், மனச்சோர்வு இவையும் டிமென்சியா போலவே தோன்றும், இவற்றுக்கு வைத்தியமும் உண்டு. அதனால்தான் இரத்தப் பரிசோதனை. ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பம் டிமென்சியா இல்லை. சிறுநீர்த் தொற்றோ நீர் வற்றியதோ வேறேதோ காரணம் இருக்கும். உடனே கொண்டு போங்கள், வாகனம் கிடைக்காவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

கிளினிக்கில் மணிக்கூடு வரையச் சொல்வார்கள். முள் 11:10இல் நிற்க வேண்டும். நிமிட முள்ளை 2இல் வைக்காமல் ‘பத்து’ என்ற சொல் இழுத்த இழுப்பில் 10இல் வைத்துவிடுவது அடிக்கடி காணும் பிழை. ஆனால் பள்ளிக்கூடம் போகாமல் சின்ன வயதிலேயே கொழுந்தெடுக்க மலையேறிய பாட்டிக்கு இந்தச் சோதனை நியாயம் செய்யாது. அவர் ஒரு காலத்தில் தனியாகச் செய்தது எது, இப்போது முடியாதது எது என்பதைச் சொல்லுங்கள்: ரொட்டி சுடுவது, கடைக் கணக்குப் பார்ப்பது, கோயிலுக்குப் போய்த் திரும்புவது.

இனி சாமானின் குறைகள். பெரிய குறை மொழி. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் இருக்கும். தமிழும் சிங்களமும் பொதுவாக இருக்காது. ‘ஆஃப்டர்நூன்’ என்று ஆங்கில எழுத்தில் எரிவதால் தமிழ் மட்டும் வாசிப்பவருக்கு என்ன பலன்? பழைய டெப்லெட் ஒன்று வீட்டில் கிடந்தால் மொழியைத் தமிழுக்கு மாற்றி, சார்ஜில் வைத்தபடி மணிக்கூட்டுத் திரை ஓடவிடுங்கள். கிழமை தமிழிலேயே வரும். நாள் முழுக்க சார்ஜில் நிற்பதால் பின்மூடி உப்புகிறதா என்று அடிக்கடி தடவிப் பாருங்கள். உப்பினால் உடனே கழற்றிவிட வேண்டும். இதுவும் இல்லையென்றால் தினமும் கிழிக்கும் தமிழ்க் கலண்டர். காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது அவர் கையாலேயே கிழிக்க வையுங்கள். வாசிக்கவே தெரியாதவருக்கு எந்தத் திரையும் வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். உள்ளே இருக்கும் பொத்தான் பற்றரி நேரத்தை மட்டும்தான் காப்பாற்றும். கறன்ட் போனால் திரை கறுத்துவிடும். தென்மேல் காற்றுக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுபடும் தோட்டங்களில் இதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். பிளக்கையும் பாருங்கள்: புது வீடுகளில் சதுர முள், பழைய லயங்களில் வட்ட முள்.

பொருத்தும்போது திகதியை எண்ணில் விடாதீர்கள். 3/4 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று நமக்கே தடுமாறும். மாதத்தை எழுத்தில் வையுங்கள். கதிரையில் உட்கார்ந்தால் கண்மட்டத்தில், இரண்டு மீற்றருக்குள், ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்காத சுவரில் மாட்டுங்கள். அதே அறையில் ஓடாமல் நிற்கும் பழைய மணிக்கூடு இருந்தால் எடுத்துவிடுங்கள், இரண்டு நேரம் காட்டினால் இரண்டையும் நம்பமாட்டார். பின்புறப் பொத்தான்களின் மேல் டேப் ஒட்டுங்கள். மருந்து நேர அலாரம் பெரும்பாலும் வெறும் ‘பீப்’ சத்தம்தான். எதற்கு அடிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அது பார்த்துக்கொள்பவருக்கான அலாரம். அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் குளிசை குடித்து இரவில் கெட்ட கனவு வருகிறதென்றால், காலைக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேட்டு அலாரத்தையும் காலைக்கு வையுங்கள்.

கடைசியாக, எப்போது கழற்றுவது. காலை 5:30 என்று திரையில் கண்டதும் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தேடத் தொடங்கும் பாட்டிகள் உண்டு. ஓய்வு பெற்று இருபது வருடமானது அவருக்குத் தெரியாது, திரை சொல்வதும் பொய் இல்லை. அவரோடு வாதாட வேண்டாம். “இன்னைக்கி மழை பாட்டி, டீ குடிச்சிட்டுப் போவம்” என்று உட்கார வைத்து, மறுநாள் முதல் எட்டு மணி வரை திரையின் மேல் ஒரு துண்டைப் போடுங்கள். துண்டை எடுத்த பிறகும் தேடல் தொடர்ந்தால் மணிக்கூட்டைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள்.