நாய் நொண்டினால், காலைத் தொடாமல் ஊசி போடுபவரிடம் எச்சரிக்கை

எங்கள் நாய் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டே நடந்ததால் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு "சுளுக்குதான்" என்றார். ஓர் ஊசி போட்டு, மெலாக்சிகாம் என்ற வலி மாத்திரையும் கொடுத்தார். பாதத்தில் முள் குத்தியிருக்கிறதா, நகம் பிளந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. என்ன ஊசி என்று கேட்டதற்கு "வலிக்குத்தான்" என்றார். சீட்டில் அதன் பெயரும் இல்லை. ஓய்வு தேவை என்ற பேச்சே எழவில்லை.

வலி மறைந்ததும் நாய் துள்ளி ஓடியது. ஊசியின் வேகம் தணிந்தபோது அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை. போதாக்குறைக்கு, மலம் தார் போலக் கறுத்துப் போனது.

இன்னொரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் தொடை எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை மெல்ல முன்னே தள்ளிப் பார்த்தார். நகரக் கூடாத எலும்பு நகர்ந்தது. மூட்டுக்குள் எலும்புகளை இணைக்கும் நாரான லிகமென்ட் அறுந்திருக்கிறது என்றார். லிகமென்ட் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது; கைதான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் கிளினிக்குக்கு அவரே தொலைபேசியில் பேசிய பிறகுதான் அது ஸ்டீராய்டு ஊசி என்பது தெரிந்தது. ஸ்டீராய்டையும் மெலாக்சிகாமையும் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசியலாம்; மலம் தார் போலக் கறுப்பது அதன் அறிகுறி. கால்நடை மருத்துவம் படித்தவருக்கு இது தெரியாதா? லிகமென்டுக்கான அறுவை சிகிச்சைக்கு முன் வயிற்றுப் புண்ணை ஆற்ற வேண்டிய நிலை எங்களுக்கு.

ஊசி போடும் முன்பே பெயரைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டில் நடக்கும்போது வீடியோ எடுத்துச் செல்லுங்கள்; கிளினிக் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டாமல் நடந்துவிடும். மருத்துவரிடம் காட்டும்வரை ஓட்டமும் படியேற்றமும் வேண்டாம். நம் வலி மாத்திரைகள் எதையும் கொடுக்காதீர்கள்: பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், இபுப்ரோஃபன் நாய்க்கும் நஞ்சு.

காலை ஊன்றவே மறுத்தாலோ, கால் கோணியிருந்தாலோ அன்றே காட்டுங்கள். பூனை திடீரெனப் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கதறி, பாதமும் சில்லிட்டிருந்தால், காலுக்குப் போகும் இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைத்திருக்கக்கூடும், இரவானாலும் காத்திருக்காதீர்கள்.