திருப்பம் வரைக்கும் தண்ணீர் தெரியாது: எஸ்டேட் டவுன் நீர்ப்பூங்காவின் வாசல்

மலேசியாவில், தோட்டத்துச் சாலை முடிந்து டவுன் தொடங்கும் இடத்தில், பால்மரக் (ரப்பர்) காடு இருந்த நிலத்தில் கட்டிய நீர்ப்பூங்கா இது. சறுக்குகளையும் அலைக்குளத்தையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே எடுத்துக்கொள்வது வாசலை மட்டும்தான். காரை நிறுத்திய இடத்திலிருந்து கையில் பட்டை கட்டிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைக்கும் வரை, ஏறத்தாழ 150 அடி. குடும்பம் சிரித்துக்கொண்டு உள்ளே போகிறதா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறதா என்பது அதற்குள் முடிவாகிவிடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். டிக்கெட் வாயிலைத் தாண்டியதும் கூரை போட்ட நடைபாதை. 8 அடி அகலம், கூரை தாழ்வு. 40 அடி நேராகப் போய் வலப்பக்கம் திரும்புகிறது. இரண்டு பக்கமும் பெரணியும் வாழையும் நெருக்கி நட்டிருப்பதால் திரும்பும் வரை தண்ணீர் கண்ணில் படாது. சத்தம் மட்டும் வரும். திரும்பியதும் கூரை முடிந்து, பெரிய நீலச் சறுக்கு அடி முதல் நுனி வரை எதிரே நிற்கும். பிள்ளைகள் பாட்டியின் கையை உதறிவிட்டு ஓடுவது சரியாக அந்தத் திருப்பத்தில்தான்.

நம் கோயில்களில் பழகிய முறைதான் இது. கோபுரம் தூரத்திலேயே தெரியும், மூலவர் தெரியமாட்டார். கொடிமரம், மண்டபம், வெளிச்சம் குறையக் குறைய உள்ளே போய்த்தான் தரிசனம். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் திறந்த டிஸ்னிலேண்டின் வாசலும் இதே கணக்கில் அமைந்தது. முகப்பில் மண்மேடு, அதன்மேல் ரயில் நிலையம், அடியில் இரண்டு சுரங்கவழி. அதைக் கடந்தால்தான் கடைத்தெரு, தெருவின் கோடியில் கோட்டை. கடைகளின் மேல்மாடியைக் கீழ்த்தளத்தைவிடக் குறுக்கிக் கட்டியதால் கட்டடம் இருப்பதைவிட உயரமாகத் தோன்றும். ஆனால் திறப்பு நாளன்று வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் உயர்ந்த செருப்பு அதில் புதைந்தது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பல இடங்களில் குடிதண்ணீரும் இல்லை. கோட்டை அவ்வளவு அழகாக இருந்தும் அந்த நாளுக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சியது.

இந்தப் பூங்காவும் அப்படித்தான் தடுக்கி விழுகிறது. உள்ளே உள்ள திருப்பத்துக்குச் செலவழித்த மூளை, வெளியே உள்ள தாருக்குப் போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நிழலுக்கு ஒரு மரம் இல்லை. தோட்டங்களிலிருந்து வரும் பஸ் கடைக்கோடியில் ஆளை இறக்குகிறது. பதினொரு மணித் தாரில் ஜப்பான் செருப்பை (ரப்பர் செருப்பை) கையில் பிடித்தபடி குதித்துக் குதித்து ஓடும் பிள்ளை, வாசலுக்கு வரும்போதே அழுதுகொண்டு வரும். பஸ்ஸை வாசலோரமாக நிறுத்தி இறக்கிவிட்டு, பிறகு கோடிக்கு அனுப்பினாலே பாதி குறை தீரும்.

அடுத்தது வரிசை. இரண்டு கவுண்டர். ஒரு குடும்பத்துக்கு மைகார்டு (அடையாள அட்டை) பார்ப்பது, பிள்ளையின் உயரத்தை அளப்பது, காசு வாங்குவது என்று இரண்டரை நிமிடம் ஆகிறது. பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது இரண்டு பஸ்ஸும் இருபது காரும் நின்றால் கிட்டத்தட்ட 40 குடும்பம். கடைசிக் குடும்பம் 50 நிமிடம் நிற்க வேண்டும். இதில் ஒரு நிமிடத்தை விழுங்குவது உயரம் அளப்பதுதான். 90 சென்டிமீட்டர் கோடு கவுண்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளை குதிகாலை உயர்த்தும், அப்பா வாதாடுவார், பின்னால் எல்லாரும் காத்திருப்பார்கள். அளவுகோலை வரிசையின் நடுவில் வைத்து, அளந்த பிள்ளைக்கு அங்கேயே கையில் முத்திரை குத்திவிட்டால் 50 நிமிடம் 30 ஆகும். புது ஆள் போட வேண்டியதில்லை. வாயிலில் சும்மா நிற்கும் பையனே போதும்.

இணையத்தில் டிக்கெட் வாங்கியவர்களுக்கும் தொல்லை உண்டு. க்யூஆர் படிக்கும் கருவி கிழக்குப் பார்த்து நிற்கிறது. காலை வெயில் நேரே அதன் கண்ணாடியில் விழுந்து, கருவி படிக்க மறுக்கிறது. கைப்பேசியைத் திருப்பிப் பார்த்து, உடம்பால் நிழல் கட்டி, நாலாவது முறை படியும். கருவிக்கு மேல் ஒரு சாண் அகலத்தில் தகரம் மறைத்தால் போதும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, 'கூடாது' என்ற சொல் காசு கட்டிய பிறகு வருவது. பருத்திச் சட்டை கூடாது, ஜீன்ஸ் கூடாது, லைக்ரா (நீச்சலுடைத்) துணிதான் வேண்டும் என்ற பலகை உள்ளே, லாக்கர் பக்கம் மாட்டியிருக்கிறது. விதி நியாயமானது. பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். ஜீன்ஸின் ஜிப் கண்ணாடியிழைச் சறுக்கின் மேல்பூச்சைக் கீறும், அந்தக் கீறல் அடுத்தவர் முதுகைக் கிழிக்கும். இந்தக் காரணத்தைப் பலகையில் எழுதி, கவுண்டருக்கு இருபது அடி முன்னாலேயே வைத்தால் யாரும் சண்டை போடமாட்டார்கள். இப்போதோ, பலகைக்கு எதிரிலேயே லைக்ரா விற்கும் கடை இருப்பதால், வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள்.

சாப்பாடும் அதே கதை. விடிகாலை எழுந்து கட்டிய புளிச்சாதத்தையும் நாசி லெமாக்கையும் பை சோதிக்கும் மேசையில் வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். "ஆன்டி, இது உள்ள கொண்டு போக முடியாது" என்று அந்தப் பெண் பணிவாகத்தான் சொல்கிறாள். ஆனால் டிக்கெட் கிழித்தாகிவிட்டது, கார் தூரத்தில் நிற்கிறது, பின்னால் வரிசை. பாட்டிமார்கள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளியே நாலு மேசை போட்ட ஒரு பொண்டோக் (சிறு குடில்), பஸ் இறங்கும் இடத்தில் ஒரு அறிவிப்பு, மதியம் வெளியே வந்து சாப்பிட்டுத் திரும்பக் கையில் பட்டை இருந்தால் போதும் என்ற ஏற்பாடு. இவ்வளவு செய்தால் தோட்டத்துக் குடும்பங்கள் வருஷா வருஷம் வரும்.

பாட்டு ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கரிலிருந்து கவுண்டர் தலைக்கு மேல் அலறுகிறது. உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. சின்ன ஸ்பீக்கர்கள் ஆறேழை நடைபாதை நெடுக மெதுவாகப் பாடவிட்டு, திருப்பத்துக்குப் பத்தடி முன்னால் நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கட்டும்.

போகிறவர்களுக்கு: பள்ளி விடுமுறை என்றால் 9.30-க்கே வரிசையில் நில்லுங்கள், அல்லது பஸ் கூட்டம் உள்ளே போன பிறகு 11.15-க்கு மேல் வாருங்கள். லைக்ராவைக் காருக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள். லாக்கருக்கு முன்பணம் 10 வெள்ளி (ரிங்கிட்), தாளாக வேண்டும். பிள்ளைகளுக்குச் செருப்பைக் கழற்றவிடாதீர்கள். நடைபாதையில் அவர்களை முன்னால் நடக்க விட்டுப் பின்னால் வாருங்கள்.