ஒரிஜினல் காமிக்ஸ் ஓவியம் வாங்குபவர்களே, "நாங்களே பத்திரமாக அனுப்பி வைக்கிறோம்" என்றால் நம்பாதீர்கள்

640 பவுண்ட். ஏறக்குறைய ஆயிரத்து நூறு சிங்கப்பூர் வெள்ளி. அந்தப் பணம் இப்போது நடுவில் மடிந்துபோன ஓர் அட்டையாக என் மேசை மேல் கிடக்கிறது. பார்சல் வந்தது போன வாரம். கடைக்காரரின் கடைசிப் பதில் இன்று காலையில் வந்தது. அதைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

லண்டனில் நடந்த ஒரு காமிக்ஸ் கண்காட்சி. அங்கே பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ்களின் அசல் பக்கங்களை, அதாவது அச்சுக்குப் போவதற்காக ஓவியர் கையால் வரைந்த அட்டைகளை, மட்டும் விற்கிற ஒரு கடை. பெயரை இப்போது எழுதவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. அங்கே காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் பக்கம் ஒன்று இருந்தது. 1972-ல் தமிழில் முத்து காமிக்ஸ் இதழ் மாயாவியோடுதான் தொடங்கியது. அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ 1960-களில் ஒரு லண்டன் வாரப் பத்திரிகைக்காக வரைந்தவை இந்த மாயாவிப் பக்கங்கள். அந்தக் காலத்தில் ஓவியங்களை வரைந்தவருக்குத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை, பதிப்பகமே வைத்துக்கொள்ளும். அப்படியே தொலைந்துபோனவை ஏராளம். மிஞ்சியவைதான் இப்படி ஒன்றிரண்டாக வெளியே வருகின்றன. ஒரு பக்கத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு அசல்தான்.

பக்கம் அசல்தானா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்பு அடர்ந்த இடங்களில் மை மினுங்கியது. ஓரத்தில் அழிக்காமல் விட்ட பென்சில் கோடுகள். ஒரு கட்டத்தில் முகத்தைத் திருத்த வெள்ளை பூசி அதன் மேல் மறுபடி வரைந்திருந்தார் பிளாஸ்கோ. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பக்கங்களில் பெரும்பாலும் வசனத்தை அட்டை மேலேயே எழுத மாட்டார்கள். தனித் தாளில் அச்சடித்து, பலூன் வடிவத்தில் வெட்டி, பசை தடவி ஒட்டுவார்கள். இதிலும் அப்படித்தான். அறுபது வருடத்துப் பசை, அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. இதையெல்லாம் சுட்டிக் காட்டியதே அந்தக் கடைக்காரர்தான். "இந்தப் பலூன்கள் ஜாக்கிரதை, தாள் வளைந்தால் கழன்று விழும்" என்று அவர் வாயாலேயே சொன்னார்.

கையிலேயே கொண்டு போகிறேன் என்றுதான் நான் சொன்னேன். "எடின்பரோ வரை ரயிலில் போய்விட்டுத்தானே ஊர் திரும்புகிறீர்கள்? மழைக் காலம். விமானத்தில் மேலே வைக்க இடம் கிடைக்காவிட்டால் பெட்டியோடு கீழே போட்டுவிடுவார்கள். முப்பது வருடமாக இதே தொழில், என்னிடம் விடுங்கள்" என்றார். மேசைக்கு அடியிலிருந்து மாதிரிக்கு ஒரு பார்சலை எடுத்துக் காட்டினார். இரண்டு மெல்லிய ப்ளைவுட் பலகை, நடுவில் நுரைத் தாள், ஓவியம் மைலார் என்கிற தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள், உறை நகராதபடி நாலு மூலையிலும் டேப். தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினேன், கல் மாதிரி இருந்தது. என் பேரை எழுதும்போது எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். பேத்தி சிங்கப்பூரில் படிக்கிறாள் என்றார். கார்டு மெஷினுக்கு ஹாலில் சிக்னல் இல்லை, பாங்க் டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள் என்றார். 640 பவுண்ட் பக்கத்துக்கு, அதற்கு மேல் 45 பவுண்ட் பேக்கிங்குக்கும் இன்சூரன்ஸுக்கும். அங்கேயே நின்று அனுப்பினேன்.

வந்தது என்ன தெரியுமா? சாதாரண காகித உறை. உள்ளே ஒரே ஒரு கார்ட்போர்டு, அதுவும் ஏதோ பழைய டப்பாவை வெட்டி எடுத்தது. ப்ளைவுட் இல்லை, நுரை இல்லை, மைலாரும் இல்லை. உறை வழியில் எங்கோ மடிந்திருக்கிறது, அதோடு ஓவியமும் மடிந்திருக்கிறது. மடிப்பு நேராக அந்த இரும்புக் கையின் மணிக்கட்டு வழியாக ஓடுகிறது, மடிந்த இடத்தில் மை செதில் செதிலாக உதிர்ந்து அடியில் வெள்ளை அட்டை தெரிகிறது. இரண்டு வசனப் பலூன்கள் கழன்று உறையின் மூலையில் கிடந்தன. அவை இருந்த இடத்தில் காப்பிக் கறை நிறத்தில் பசைத் தடம். அவரே எச்சரித்த அதே பலூன்கள்!

போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "வருந்துகிறோம், கூரியரிடம் கேளுங்கள்." கூரியரிடம் கேட்டால், புகார் கொடுக்க வேண்டியது அனுப்பியவர்தான் என்கிறார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். பார்சலில் எழுதியிருந்த மதிப்பு 40 பவுண்ட், பொருள் "போஸ்டர்". எத்தனை கேட்டாலும் அந்த 40-க்கு மேல் ஒரு பென்னி வராது. 640 பவுண்ட் பொருளை 40 என்று எழுதிவிட்டு என்னிடம் இன்சூரன்ஸ் காசு வாங்கியிருக்கிறார். கேட்டதற்கு, "உங்களுக்கு வரி மிச்சப்படட்டும் என்றுதான்" என்று பதில். நான் கேட்டேனா? 400 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பொருள் சிங்கப்பூருக்குள் வந்தால் 9 சதவீதம் ஜிஎஸ்டி, அதைக் கட்ட நான் தயாராகவே இருந்தேன்.

அப்புறம் தொனியே மாறிவிட்டது. பழைய தாள் என்றால் மடிப்பு இருக்கத்தான் செய்யுமாம். நல்ல ரெஸ்டோரேஷன் ஆளிடம் கொடுத்தால் நிமிர்த்திவிடுவாராம். அந்தச் செலவை யார் கொடுப்பது என்பதற்குப் பதில் இல்லை. போன் செய்தால் வாய்ஸ்மெயில். இன்று காலை வந்தது: "இத்துடன் இதை முடித்துக்கொள்வோம், அடுத்த வாங்கலுக்கு 10 சதவீதம் தள்ளுபடி." அடுத்த வாங்கலா! 640 பவுண்டை விழுங்கிவிட்டு எனக்குத் தள்ளுபடி தருகிறாராம். பணத்தைக்கூட விடுங்கள். அறுபது வருடம் எத்தனையோ கைகளைத் தாண்டி முழுசாக வந்த பக்கத்தை நாலு காசு அட்டைக்குக் கணக்குப் பார்த்து உடைத்துவிட்டாரே, அதுதான் ஆறவில்லை.

விரிவாக எழுத இப்போது முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முடிந்தவரை கையில் கொண்டு வாருங்கள். கெட்டி அட்டை போட்ட போர்ட்ஃபோலியோ ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், கேபினில் நிமிர்த்தி வைக்கலாம், செக்-இன் பெட்டியில் மட்டும் வேண்டவே வேண்டாம். சுருட்டிக் குழாயில் போடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பழைய மை வெடித்துவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் உங்கள் கண் முன்னால் கட்டச் சொல்லி, கட்டியதைப் போட்டோ எடுங்கள். பலகை நாலு பக்கமும் ஓவியத்தைவிட இரண்டு அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். பார்சலில் முழு விலையை எழுதச் சொல்லி, அந்த ரசீதையும் கேட்டு வாங்குங்கள். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்றால் வேலை செய்யும்வரை காத்திருங்கள், டிரான்ஸ்ஃபர் செய்தால் பணத்தைத் திரும்பக் கேட்க வழியே இல்லை என்று என் பாங்கில் கையை விரித்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் சிறு தொகை வழக்குகளுக்குத் தனி நீதிமன்ற வழி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அதில் வழக்குப் போட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.