ஹாங்காங் மிட்-லெவல்ஸ் எஸ்கலேட்டர்: ஏறுவதற்கு அருமை, இறங்குவதற்கு முழங்கால் வேண்டும்

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் பல இடங்களுக்கு மூன்று மட்டங்களில் வழி உண்டு: சுரங்கப்பாதை, சாலை, முதல் மாடி உயரத்தில் நடைபாலம். கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் கூட்டம் நடைபாலத்துக்கே போகிறது. ஒருமுறை மேலே ஏறிவிட்டால் சிக்னல் கிடையாது, மழை வெயில் கிடையாது, மறுபடி இறங்கி ஏறும் வேலையும் இல்லை. நடப்பவருக்குக் கூடுதலாக நூறு மீட்டர் நடப்பதைவிட இருபது படி ஏறுவதுதான் கசக்கும். ஐ.எஃப்.சி. மாலில் கிளம்பி, ஹாங்செங் வங்கிக் கட்டடம், சென்ட்ரல் மார்க்கெட் வழியாகச் சாலையில் கால் படாமலே, மலைச்சரிவில் உள்ள மிட்-லெவல்ஸ் குடியிருப்புப் பகுதிக்கு ஏறும் எஸ்கலேட்டரின் அடிவாரத்துக்கு வந்துவிடலாம்.

1993இல் திறந்த இந்த எஸ்கலேட்டர் வரிசை 800 மீட்டருக்கு மேல் நீளம், 135 மீட்டர் ஏற்றம். கட்டணம் இல்லை. நின்றபடியே போனால் மேல் முனைக்குச் சுமார் 20 நிமிடம். ஒரே நீட்டாக இல்லாமல் துண்டு துண்டாகக் கட்டியிருப்பதுதான் இதன் சாமர்த்தியம். ஹாலிவுட் சாலை, ஸ்டான்டன் தெரு, கெய்ன் சாலை என்று குறுக்குத் தெரு வரும் இடங்களில் வெளியேறலாம். காக்ரேன் தெருவில் எஸ்கலேட்டர் மாடி உயரத்தில் போகிறது. அதனால் கடைகளின் முதல் மாடி ஜன்னலே விளம்பரப் பலகை ஆகிவிட்டது. ஹாலிவுட் சாலைக்குத் தெற்கே இன்று உணவகங்கள் குவிந்திருப்பதற்கும் இந்த ஆள் நடமாட்டமே பெரிய காரணம்.

குறை, திசையில்தான். காலை 6 முதல் 10 வரை கீழ்நோக்கி ஓடும். அதன்பின் நள்ளிரவு வரை மேல்நோக்கி மட்டுமே. மலைமேல் குடியிருப்பவர்கள் வேலைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்கு இது கச்சிதம். மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் பக்கத்துப் படிக்கட்டுதான் கதி. சக்கர நாற்காலிக்கும் குழந்தைத் தள்ளுவண்டிக்கும் இந்த வழி சரிப்படாது.

இன்னொரு தொல்லை, வழி தேடுவது. நடைபாலத்துப் பலகைகளில் தெருப் பெயரைவிடக் கட்டடப் பெயரே அதிகம் கண்ணில் படும். போன் வரைபடமோ நீங்கள் நிற்கும் புள்ளியைக் காட்டும், எந்த மட்டம் என்று சொல்லாது. ஆகவே போக வேண்டிய தெருவோடு, அங்கே எந்தக் கட்டடத்தின் வழியாக இறங்குவது என்பதையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் காலை 10 மணிக்குமேல் இறங்குவதானால் கெய்ன் சாலையிலோ ராபின்சன் சாலையிலோ பஸ் பிடிப்பதே மேல்.