டயர் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள்

சிங்கப்பூரில் நான் ஓட்டுவது பதினோரு வயது டொயோட்டா வியோஸ் கார். இங்கே கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ உரிமத்தைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பத்து வயதைத் தாண்டிய காருக்கு வருடா வருடம் பரிசோதனை உண்டு. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். என் டயர்கள் ஏறக்குறைய வழுக்கை. பரிசோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்குப் போனேன். ஏன் அந்தப் பட்டறை என்றால், முதலாளி தமிழர். வேறு காரணமே கிடையாது. கடைப் பெயரைப் போடப் போவதில்லை, தனிச்செய்தியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

பழைய டயரில் 185/60ஆர்15 என்று இருந்தது. அவர் உருட்டிக்கொண்டு வந்ததில் 195/65ஆர்15. "நம்பர் வேற மாதிரி இருக்கே, அண்ணே?" என்று கேட்கத்தான் செய்தேன்.

"பதினஞ்சு இஞ்ச்னா பதினஞ்சு இஞ்ச்தான், தம்பி. இது கொஞ்சம் பெரிசு, வண்டி கம்பீரமா நிக்கும். அதே வெலதான் போடுறேன்."

நான்கு டயர் 380 சிங்கப்பூர் வெள்ளி, சக்கரங்களை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் 40. கொடுத்துவிட்டு வந்தேன். நம்ம ஆள் பொய் சொல்வாரா என்ற நினைப்பு.

அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. தெம்பனிஸில் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது முன்பக்கம் 'சர்ர்' என்று ஒரு சத்தம். புது டயர், பழகட்டும் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமனார், மாமியாரை ஏற்றிக்கொண்டு தேக்காவுக்குக் கிளம்பினால், வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதே சத்தம். "மாப்பிள்ளை, அடியில ஏதோ உரசுது, நிறுத்திப் பாருங்க" என்றார் மாமனார். டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையில் டயர் தேய்த்த தடம் பளபளவென்று இருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டியது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, அதாவது 111 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் விட்டம் மட்டும், 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் சுவரைச் சேர்த்தால் மொத்த விட்டம் 603. அவர் மாட்டியதற்கு இதே கணக்கு 634.5 வருகிறது. ஐந்து சதவீதத்துக்கு மேல் பெரிது. தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாக மூன்று சதவீதத்தைத் தாண்ட விடமாட்டார்கள். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடும், வேகம் காட்டும் மீட்டருக்கு அது தெரியாது. கணக்குப்படி முள் 90 காட்டும்போது நான் 95ஐத் தொட்டுக்கொண்டிருப்பேன். மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் கேமராவில் மாட்டாமல் தப்பித்தேனோ என்னவோ.

திரும்பப் போய்க் கேட்டேன். "ஓட்டுன டயர எப்படித் திரும்ப எடுக்குறது?" என்று கைவிரித்துவிட்டார். ரசீதை நீட்டினேன். அதில் 'டயர் 4' என்று மட்டும் எழுதியிருந்தது. சைஸ் இல்லை, பிராண்டு இல்லை. பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் பத்து வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், எல்லாம் தெரியும். ஆனால் அந்தத் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? சைஸைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியவனும் நான்தானே.

உபி வட்டாரத்தில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வேலை செய்கிறார். காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். டயர் சைஸ், காற்றழுத்தம் எல்லாம் அதில் இருந்தது. பதினோரு வருடம் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன்! "அண்ணே, அவசரத்துக்கு 195/55 போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல, ஒரு பர்சென்ட்தான் கொறையும். 65 எதுக்குப் போட்டாங்கன்னா, அது ஆல்ட்டிஸ், பிரியஸ் சைஸ். எல்லாக் கடையிலயும் கெடக்கும்." சைஸுக்குப் பின்னால் வரும் 84எச் மாதிரியான குறியீட்டையும் பார்க்கச் சொன்னார். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. ஸ்டிக்கரில் இருந்த சைஸிலேயே நான்கு டயர் மாட்டினார், ரசீதில் சைஸ், பிராண்டு இரண்டையும் நான் கேட்காமலே எழுதிக் கொடுத்தார். பரிசோதனையில் கார் பிரச்சினையில்லாமல் தேறியது.

கழற்றிய டயர்களை எங்கள் புளோக்கில் பிரியஸ் ஓட்டும் அண்ணனிடம் விற்கப் பார்த்தேன், இருநூறு வெள்ளிக்கு. அவர் குனிந்து பக்கச்சுவரில் எதையோ தேடினார். டாட் என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள், 2219. "2019ஆம் வருஷம் 22ஆவது வாரம் செஞ்சது தம்பி. புது டயர்னா குடுத்தான்?" என்று சிரித்துவிட்டு நூறு வெள்ளி கொடுத்தார்.