அடிபட்ட காடா, ரப்பர் தோட்டமா: கரிமம் எங்கே அதிகம் தங்கும்?

கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறைப் பக்கம், பெருமரங்கள் சில வெட்டுப்பட்ட மலைச்சரிவையும் அதன் கீழே வரிசை பிடித்து நிற்கும் ரப்பரையும் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சைதான். "காடுதான் அழிஞ்சாச்சே, ரப்பரும் மரந்தானே" என்ற பேச்சு அதனால்தான் எடுபடுகிறது. ஆனால் மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கரிமம் (கார்பன்) இருப்பது பச்சையில் அல்ல. தண்டின் பருமனிலும் தடியின் அடர்த்தியிலும்.

அதைக் கணக்கிட, மரத்தில் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி, வரும் சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். பலகைவேர் புடைத்த மரமென்றால் அதற்கு மேலே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு ஊதிப்போகும். வெப்பமண்டல மரங்களுக்கான 2014-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி, 80 செ.மீ. விட்டம், 30 மீட்டர் உயரம், 0.9 அடர்த்தி (தண்ணீருக்கு 1) கொண்ட ஒரு நாங்கு என்ற கனத்த காட்டு மரத்தின் தரைக்கு மேலான உலர் எடை சுமார் 8.7 டன். அதில் 47 சதவீதம், அதாவது 4 டன், கரிமம். பால் வெட்டும் ரப்பர் மரம் (25 செ.மீ., 18 மீட்டர், அடர்த்தி 0.55) ஒன்றின் எடை 340 கிலோ, கரிமம் 160 கிலோ. ஆக, ஒரு நாங்குக்கு 26 ரப்பர். 15-க்கு 15 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 193 ரப்பர் நிற்கும். அத்தனையும் சேர்ந்தால்கூட ஏழெட்டு நாங்குதான்.

காட்டின் இழப்பும் இதே கணக்கில் தெரியும். ஏக்கருக்கு இரண்டு பெருமரம் போனால் 8 டன் கரிமம் போயிற்று. தடி இழுத்த வழியில் கன்றுகள் முறியும். திறந்த இடத்தில் வெயில் இறங்கிச் சருகு காயும். மாசி, பங்குனியில் தீ பிடித்தால் மெல்லிய பட்டை மரங்கள் தாங்காது. அடுத்து வருவது வட்டக்கண்ணி மரமும் உண்ணிச்செடியும் (லாண்டானா). சில வருடத்தில் மேலே பச்சை மூடிவிடும். ஆனால் வட்டக்கண்ணி லேசான தடி. நாங்கின் எடை அதில் வராது. இருவாச்சி போன்ற பறவைகளும் விலகிவிட்டால் பெரிய விதைகளைப் பரப்ப ஆளில்லை.

ரப்பருக்கு வேறொரு குறை. ஏழாம் வருடம் பால் வெட்டு, 25, 30 வருடத்தில் மொத்தமாக முறிப்பு. தடியில் பெரும்பங்கு பேக்கிங் பெட்டிக்கும் விறகுக்கும் போகிறது. சேர்ந்த கரிமம் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பும். மறுநடவுக்குக் குழி தோண்டிய மண்ணை இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை அரித்துப்போகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பர் எவ்வளவு சாய்ந்தது என்று எல்லோரும் பார்த்தோம்.

ரப்பர் பல குடும்பங்களின் பிழைப்பு. இருக்கிற தோட்டம் இருக்கட்டும். முறிப்பைச் சில வருடம் தள்ளி, ஓடைக்கரையில் நாட்டு மரங்களை விட்டுவைத்தாலே லாபம். ஆனால் அடிபட்ட காட்டை மொத்தமாக வெட்டிவிட்டு ரப்பர் வைப்பது மிச்சமிருக்கும் பெருமரங்களையும் கொடுத்துவிடுவது.

அந்தக் காட்டில் செய்ய வேண்டியது: தை பிறக்கும் முன் தீத்தடுப்புக் கோடுகளைச் சருகு போகப் பெருக்குவது, கன்றுகளைச் சுற்றிக் கொடி அறுப்பது, தாய்மரம் அருகில் இல்லாத இடத்தில் மட்டும் இடவப்பாதியில் நடுவது. பசுமைமாறாக் காட்டின் விதைகள் பல காய்ந்தால் முளைக்காது, பொறுக்கிய சூட்டோடு விதைக்க வேண்டும். உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் திரும்பத் தழைக்கும். மண்ணுக்கு அடியில் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும்.