பிராக் பழைய நகரச் சதுக்கம்: விலைப்பலகையின் சிறிய எழுத்துகளைப் படிக்காமல் பணத்தை நீட்டாதீர்கள்

செக் நாட்டுத் தலைநகரான பிராகுக்குச் சுற்றுலா செல்லத் திட்டமிட்டிருப்பவர்கள், அங்குள்ள பழைய நகரச் சதுக்கத்தில் ஒரே நாளில் நானும் என் மனைவியும் இரண்டு முறை ஏமாந்த விவரத்தைப் படித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. இரண்டு இடங்களிலும் எங்களிடம் யாரும் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதிலேயே அவர்களுடைய காரியம் முடிந்துவிட்டது.

செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ அல்ல, கொருனாதான் நாணயம். ஆகவே சதுக்கத்தை நெருங்கியதும் கண்ணில் பட்ட முதல் நாணயமாற்றுக் கடைக்குள் நுழைந்து 200 யூரோவை நீட்டினேன். வாசலில் 'கமிஷன் இல்லை' என்ற அறிவிப்புக்குக் கீழே 24 சொச்சம் என்று பெரிதாக எழுதியிருந்தது. அன்றைய சந்தை மதிப்பும் ஏறத்தாழ அதுதான் என்பதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. கையில் வந்ததோ 3,800 கொருனா. அதாவது, யூரோவுக்கு வெறும் 19. வாசலில் இருந்தது அவர்கள் நமக்கு யூரோவை விற்கும் விலை என்பதையும், நம்மிடமிருந்து வாங்கும் விலை கண்ணாடிக்கு உட்புறம் ஒரு சிறிய தாளில் ஒட்டப்பட்டிருந்தது என்பதையும் வெளியே வந்த பிறகே கவனித்தேன். ஆயிரம் கொருனாவுக்கு மேல் போய்விட்டது. வாதாடிப் பயனில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு நடந்தேன். அந்த முடிவுதான் அன்றைய பெரிய தவறு.

சதுக்கத்தின் அழகைக் குறை சொல்ல முடியாது. தீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள், நடுவில் 1915-இல் திறக்கப்பட்ட, சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் நினைவுச்சின்னம், நகர மண்டபச் சுவரில் 1410 முதல் இருக்கும் வானியல் கடிகாரம் எல்லாம் ஓரிரு நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தக் கடிகாரத்தில் மணிக்கொரு முறை இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வலம் வரும் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை என்றாலும், அதற்காகக் கூட்டம் முன்கூட்டியே நெருக்கியடித்து நிற்கிறது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த நேரம் பணப்பை திருடுபவர்களுக்கு வசதியானது என்பதால் பையை முன்புறம் அணிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்குத் தலைகளை மட்டுமே பார்க்க முடிந்ததால் நாங்கள் ஒரு மணிவரை காத்திருந்தோம்.

பசியோடு திரும்பியபோது, கரி அடுப்பின் மேல் பன்றியின் முழுத் தொடையாகச் சுழன்றுகொண்டிருந்த ஹாமின் மணம் எங்களை இழுத்தது. பலகையில் 109 கொருனா என்றிருந்தது. இரண்டு தட்டு கேட்டேன். கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்காமலே தடித்த துண்டுகளாக வெட்டித் தராசில் வைத்து, 820 கொருனா என்றார். 109 என்பது தட்டின் விலை அல்ல, 100 கிராமின் விலை. அந்தக் குறிப்பும் பலகையின் ஓரத்தில் இருக்கத்தான் செய்தது. இரண்டு தட்டிலும் சேர்த்து முக்கால் கிலோ இறைச்சி! சட்டப்படி இது திருட்டாகாமல் இருக்கலாம். வருகிறவர் அறியாதவர் என்று தெரிந்தே கத்தியை ஓட்டுவதை நான் நேர்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்கியே தீருவதென்றால் "150 கிராம் போதும்" என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். (பக்கத்திலேயே 'பழைய பொஹீமியப் பலகாரம்' என்று விற்கப்படும் திர்தெல்னிக் சுருளும் பிராகின் பாரம்பரியம் அல்ல, சுற்றுலாப் பயணிகளை நம்பி அண்மைக் காலத்தில் பரவியது.)

விடுதிக்குத் திரும்பி வரவேற்பறைப் பெண்ணிடம் நாணயமாற்று விவகாரத்தைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது ரசீதைத்தான். 2019 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, 1,000 யூரோ வரையிலான நாணயமாற்றை மூன்று மணி நேரத்துக்குள், காரணம் எதுவும் சொல்லாமல், கட்டணமின்றி ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாமாம். ரசீதில் 11.20 என்றிருந்தது. அப்போது மணி 2.40. கடிகாரத்தின் கீழ் நின்ற ஒரு மணி நேரத்தை நினைத்து என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். விகிதம் தவறு என்று தெரிந்த உடனே அதே கடைக்குத் திரும்பிச் சென்று இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். மறுத்தால், இந்தக் கடைகளைக் கண்காணிக்கும் செக் தேசிய வங்கியிடம் புகார் அளிக்கலாம். தெருவில் நல்ல விகிதம் தருவதாக அணுகுபவர்களிடம் பேச்சே வேண்டாம். கொருனாவைவிட மிகவும் மதிப்புக் குறைந்த ஹங்கேரி ஃபோரிண்ட் தாள்களைத் திணித்துவிட்டு மறைந்துவிடுவார்கள். தானியங்கிப் பண இயந்திரத்தில் உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடவா என்று திரையில் கேட்டால், வேண்டாம் என்பதையே அழுத்துங்கள்.

மறுநாள் சதுக்கத்தை விட்டு விலகிய ஒரு சந்தில் இருந்த கடையில், பணப்பையைத் திறக்காமலே, "200 யூரோ கொடுத்தால் என் கையில் எத்தனை கொருனா வரும்?" என்று கேட்டேன். அந்த ஊழியர் 4,780 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.